மொட்டை மாடியில் ஒரு கம்பிக்கு இடம் கொடுங்கள்: ஹாம் ரேடியோ ஆன்டெனா ஏன், எப்படி?

ஒருநாள் காலையில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால், என் ஆன்டெனாவில் இரண்டு லுங்கியும் ஒரு படுக்கை விரிப்பும் காய்ந்துகொண்டிருந்தன. யாரையும் குறை சொல்ல முடியாது. மாடியின் நடுவில் ஒரு பைப், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் வயர். பார்ப்பவர்களுக்கு அது கொடிக்கயிறு போலத்தான் தெரியும். கை எட்டும் உயரத்தில் நுனியைக் கட்டி வைத்தது என் தப்பு.

அடுத்த வாரம் அசோசியேஷன் கூட்டத்தில் பிரச்சினை வேறு மாதிரி வந்தது. “மேல யாரோ டவர் போட்டிருக்காங்க, கதிர்வீச்சு வரும், எடுக்கச் சொல்லுங்க” என்றார் ஒருவர். “இடி இழுக்கும்” என்றார் இன்னொருவர். “இந்தக் காலத்துல எதுக்கு சார் ரேடியோ? எல்லார் கையிலயும் போன் இருக்கே” என்றார் மூன்றாமவர்.

மூன்றுமே நியாயமான கேள்விகள். பதிலும் இருக்கிறது. பதில் சொன்ன கையோடு ஒரு கோரிக்கையும் வைக்க நினைக்கிறேன். ஒவ்வொரு அடுக்ககமும் தன் மொட்டை மாடியில் ஒரு ஹாம் ஆன்டெனாவுக்கு இடம் கொடுக்க வேண்டும். அதை மழைக்காலம் வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இது எதற்கு?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் பல பகுதிகளில் செல்போன் சிக்னலும் போனது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா வந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வரவே வாரக்கணக்கில் ஆனது.

செல்போன் என்பது நம் கையில் இருக்கும் கருவி மட்டும் அல்ல. அதற்குப் பின்னால் டவர், டவருக்கு மின்சாரம், மின்சாரம் போனால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் டீசல், டவரிலிருந்து தலைமை நிலையத்துக்குக் கேபிள் என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. அதில் ஏதாவது ஒரு கண்ணி அறுந்தாலும் போன் வெறும் டார்ச் லைட்தான்.

ஹாம் ரேடியோவில் அந்தச் சங்கிலி இல்லை. இந்த முனையில் ஒரு ரேடியோ, ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு ஆன்டெனா. அந்த முனையிலும் அதேதான். நடுவில் எந்த நிறுவனத்தின் சாதனமும் தேவையில்லை. எத்தனை வாட் சக்தி என்பதைவிட இந்த எளிமைதான் அதன் பலம்.

இன்னொரு விஷயமும் உண்டு. புயலில் ஒரு டவர் விழுந்தால் அதை மறுபடி நிறுத்த ஆட்கள், கிரேன், சாலை எல்லாம் வேண்டும். 20 மீட்டர் வயர் அறுந்தால், மாற்று வயர் கையில் இருக்கும் ஒருவர் கால் மணி நேரத்தில் திரும்பக் கட்டிவிடலாம்.

2004 டிசம்பர் 26 சொல்லும் பாடம்

சுனாமி நாளில் ஹாம் ரேடியோ உதவியது என்று பலரும் கேள்விப்பட்டிருப்போம். அது எப்படி நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ஆபரேட்டரின் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அவர்கள் மீட்புப் பணிக்குப் போனவர்கள் அல்ல. ஹாம்கள் அதிகம் இல்லாத ஓர் இடத்துக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுக்கத் தொடர்புகொள்வது இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வகை. அதற்காகத்தான் போயிருந்தார்கள். 26ஆம் தேதி காலையில் நிலம் அதிர்ந்தது, கடல் உள்ளே வந்தது, வழக்கமான தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, அதே ரேடியோக்களில் தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கடத்தத் தொடங்கினார்கள். யார் பத்திரம், யாரைக் காணவில்லை, என்ன தேவை என்பதெல்லாம் அந்த வழியாகப் போனது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பேரிடர் வந்தபோது அவர்களின் ஆன்டெனாக்கள் ஏற்கெனவே உயரத்தில் நின்றுகொண்டிருந்தன. ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தன. எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எவ்வளவு தூரம் போகிறது என்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு பெட்டியைப் பிரித்து, யூடியூப் பார்த்து ஆன்டெனா கட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

அதனால்தான் “ஆபத்து வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதிலை நான் ஏற்பதில்லை. சும்மா இருக்கும் நாட்களில் பொழுதுபோக்காக நிற்கும் கம்பிதான் ஆபத்து நாளில் வேலை செய்யும்.

ரேடியோவை விட ஆன்டெனா முக்கியம்

புதிதாக இதில் வருகிறவர்கள் செய்யும் முதல் செலவு ரேடியோ. அடுத்தது இன்னும் விலை கூடிய ரேடியோ. ஆன்டெனாவுக்கு வரும்போது பர்ஸ் காலி. வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

கணக்கு ஒன்று பார்ப்போம். 144–146 மெகாஹெர்ட்ஸ் என்பது ‘2 மீட்டர் பேண்ட்’. கையடக்க ரேடியோக்கள் வேலை செய்வது இங்குதான். இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் தொடுவானத்தைத் தாண்டினால் சிக்னல் மங்கிவிடும். அந்த ரேடியோ தொடுவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும்.

தெருவில் நிற்கும் ஆளின் கையில் ரேடியோ சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். கணக்கு 5 கிலோமீட்டர் சொல்லும். இரண்டு பேரும் தெருவில் நின்றால் ஏட்டளவில் 10. நடுவில் கட்டடங்கள் இருக்கும் ஊரில் ஓரிரு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். இப்போது 18 மீட்டர் உயரமுள்ள ஒரு மொட்டை மாடிக்கு அதே ஆன்டெனாவைக் கொண்டுபோங்கள். தொடுவானம் 17 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அதே உயரத்தில் இன்னொரு மாடி இருந்தால் இரண்டுக்கும் நடுவே 35 கிலோமீட்டர். சென்ட்ரலிலிருந்து தாம்பரத்தைத் தாண்டிப் போகும் தூரம் அது. ரேடியோவின் சக்தியில் ஒரு வாட்கூடக் கூடவில்லை. கூடியது உயரம் மட்டும்தான்.

இதனால்தான் கேள்வி மொட்டை மாடியில் வந்து நிற்கிறது. நகரத்தில் உயரம் என்பது தனிமனிதர் வாங்கக்கூடிய பொருள் அல்ல. அது பொதுச் சொத்து.

முதல் ஆன்டெனா: அரை மீட்டர் கம்பி போதும்

2 மீட்டர் பேண்டுக்கான ஆன்டெனாவை வீட்டிலேயே செய்யலாம். பெயர் ‘கிரவுண்ட் பிளேன்’. தேவை: எஸ்.ஓ.-239 என்ற கனெக்டர் ஒன்று, விறைப்பான செம்பு அல்லது பித்தளைக் கம்பி சுமார் இரண்டரை மீட்டர். சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஊருக்கு ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

அலைநீளம் கண்டுபிடிக்க 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 2.07 மீட்டர். அதில் கால் பங்கு 52 சென்டிமீட்டர். கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதுபோல நடந்துகொள்வதால் 5 சதவீதம் குறைத்து, சுமார் 49 சென்டிமீட்டர் வைத்துக்கொள்கிறோம். கனெக்டரின் நடு ஊசியில் ஒரு கம்பி செங்குத்தாக. நான்கு மூலைகளில் நான்கு கம்பிகள் 45 டிகிரி கீழ்நோக்கிச் சரிந்தபடி. பார்க்க, துணி இல்லாத குடை மாதிரி இருக்கும். அப்படிச் சரிப்பது அழகுக்காக அல்ல. கேபிள் எதிர்பார்க்கும் 50 ஓம்ஸுக்கு ஆன்டெனாவை அது நெருக்கமாகக் கொண்டுவருகிறது.

முதலில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். பிறகு அளந்து பார்த்துக் குறைக்கலாம். குறைத்ததை நீட்டுவது கஷ்டம். அளக்க நானோ வி.என்.ஏ. என்ற உள்ளங்கை அளவுக் கருவி இருக்கிறது. அதில் பார்க்க வேண்டிய எண் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5க்குக் கீழே வந்தால் நிம்மதி. 2 என்று காட்டினால் அனுப்பும் சக்தியில் சுமார் 11 சதவீதம் திரும்பி வருகிறது என்று பொருள், அதோடும் பேசலாம். 3 என்றால் கால் பங்கு திரும்பி வருகிறது, அப்போது எங்கேயோ தப்பு இருக்கிறது.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் முக்கால் பங்கு சக்தி வழியிலேயே சூடாகிப் போய்விடும். 5 வாட் அனுப்பினால் மேலே போய்ச் சேருவது ஒன்றேகால் வாட். தடித்த ஆர்.ஜி.-213 என்றால் பாதிக்கும் மேல் பிழைக்கும். கேட்பதிலும் இதே இழப்புதான். முடிந்தவரை கேபிளைக் குறைத்து, ஆன்டெனாவுக்கு நேர் கீழே இருக்கும் அறையிலேயே ரேடியோவை வையுங்கள்.

மாவட்டம் தாண்டிப் பேச: 20 மீட்டர் வயர்

ஊருக்குள் பேச அரை மீட்டர் போதும். புயல் அடித்த ஊரிலிருந்து சென்னைக்குப் பேச வேண்டுமானால் வேறு அலைவரிசை வேண்டும். அதற்குத்தான் 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது ‘40 மீட்டர் பேண்ட்’. இந்த அலைகள் வானத்தில் சுமார் 300 கிலோமீட்டர் உயரம் வரை போய், அயனி மண்டலத்தில் வளைந்து திரும்பக் கீழே வரும்.

இதற்கு எளிய ஆன்டெனா டைப்போல். மொத்த நீளம் கண்டுபிடிக்க 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1க்குச் சுமார் 20 மீட்டர். நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராக்கி, வெட்டிய இடத்தில் கேபிளை இணைக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும். பிளாஸ்டிக் உறையை உரிக்க வேண்டியதில்லை. உறை இருந்தால் நீளம் சில சதவீதம் குறையும், அதை அளந்து சரிசெய்யலாம். இணைப்புக்குக் கீழே கேபிளையே ஏழெட்டுச் சுற்று சுற்றி வைத்தால், அல்லது ஃபெரைட் வளையத்துக்குள் சுற்றி விட்டால், சிக்னல் கேபிளின் வெளிப்புறத்தில் வழிந்து வீட்டுக்குள் வருவது குறையும்.

20 மீட்டர் நேராகக் கட்ட நகரத்து மாடியில் இடம் ஏது? கவலை வேண்டாம். நடுவில் ஒரு கம்பம், இரண்டு பக்கமும் கூரை போலச் சரியும் வயர் என்று கட்டலாம். பெயர் ‘இன்வர்ட்டட் வி’. இரண்டு வயருக்கும் நடுவே கோணம் 90 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் சரி. ஒரு பிவிசி பைப்பைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நிறுத்தி, கைப்பிடிச் சுவரின் இரண்டு மூலைகளுக்கு நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. கடைசி ஒன்றிரண்டு மீட்டர் மடங்கித் திரும்பினாலும் குடி முழுகிப் போகாது.

“எனக்கு உயரம் இல்லையே” என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 7 மெகாஹெர்ட்ஸ் டைப்போலைத் தாழ்வாக, ஐந்து முதல் பத்து மீட்டர் உயரத்தில் கட்டினால் அது சக்தியை ஏறக்குறைய நேர் மேலே அனுப்புகிறது. செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் என்ன ஆகும்? தண்ணீர் மேலே போய்ச் சுற்றிலும் விழும். அதேதான் இங்கேயும். அமெரிக்காவுக்குப் பேச நினைப்பவருக்கு இது குறை. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், திருச்சி, மதுரை என்று பேச வேண்டியவருக்கு இதுதான் சரியான ஆன்டெனா. நடுவில் மலை இருந்தாலும் தடையில்லை, சிக்னல் மேலிருந்து இறங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. பகலில் நன்றாகப் பேசிய 7 மெகாஹெர்ட்ஸ், இருட்டிய பிறகு பக்கத்து மாவட்டத்தை விட்டுவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி விழ ஆரம்பிக்கும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அதற்கு வயர் நீளம் இரட்டிப்பு, சுமார் 40 மீட்டர். இந்த மாதிரி விஷயங்கள் புத்தகத்தில் படித்து வராது. மாதம் நாலு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசிப் பார்த்தால்தான் வரும்.

பால்கனி மட்டும்தான் இருக்கிறதா?

வாடகை வீடு, மாடிச் சாவி வாட்ச்மேனிடம், ஓனர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். நம்மில் பலருக்கு நிலைமை இதுதான். அப்படியும் வழி உண்டு.

கான்கிரீட் சுவருக்குள் இரும்புக் கம்பி இருப்பதால் அறைக்குள்ளிருந்து அனுப்புவது வீண். ஆன்டெனாவைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளினாலே பாதி வெற்றி. கார்களில் ஒட்டும் காந்த அடித்தள ஆன்டெனாவை பால்கனியில் ஒரு அகலமான இரும்புத் தகட்டின் மேல் நிறுத்தலாம். ரிப்பனைப் போலச் சுருட்டி வைக்கும் ‘ஜே-போல்’ வகை ஆன்டெனாவைப் பேசும்போது மட்டும் ஒரு மூங்கில் கழியில் மாட்டி வெளியே நீட்டி, பேசி முடித்ததும் உள்ளே எடுத்துவிடலாம்.

7 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண்களுக்கு ‘மேக்னடிக் லூப்’ இருக்கிறது. சுமார் ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்புக் குழாய் வளையம், ஒரு கெப்பாசிட்டர். இடம் குறைவு, ஆனால் அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் மறுபடி டியூன் செய்ய வேண்டும். பத்து வாட் அனுப்பினாலே கெப்பாசிட்டரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடும் என்பதால், பேசும்போது கை வைக்கவே கூடாது. குழந்தைகள் ஓடி விளையாடும் பால்கனிக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுக்ககங்களில் இன்னொரு எதிரி இரைச்சல். எல்.இ.டி. விளக்குகள், மலிவான சார்ஜர்கள், சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து குறைந்த அலைவரிசைகளில் ‘கர்ர்ர்’ என்று கத்தும். ரேடியோவைப் பேட்டரியில் போட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். சத்தம் குறைந்தால் திருடன் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடிக்கலாம்.

வெளியே போனால் விஷயமே வேறு

வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். ஹாம் ரேடியோவின் பெரிய சந்தோஷம் திறந்தவெளியில்தான் இருக்கிறது. ஊர் இரைச்சல் இல்லாத ஓர் இடத்தில் ரேடியோவை ஆன் செய்த முதல் நிமிடம், காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்தது மாதிரி இருக்கும்.

தேவையானவை ஒரு முதுகுப் பைக்குள் அடங்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஃபைபர் தூண்டில் கழி, 20 மீட்டர் வயர், 49:1 மின்மாற்றி ஒன்று, சின்ன ரேடியோ, பேட்டரி. வயரின் ஒரு நுனியை மட்டும் மின்மாற்றியில் இணைத்து, மறு நுனியைக் கழியிலோ மரத்திலோ ஏற்றினால் அது 7 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். 14, 21, 28 மெகாஹெர்ட்ஸிலும் பெரும்பாலும் கைகொடுக்கும். மரத்தில் ஏற ஆள் தேட வேண்டாம். தங்கூசி நரம்பில் ஒரு சின்ன எடையைக் கட்டிக் கிளைக்கு மேல் எறிந்து, அதன் வால் பிடித்து வயரை இழுத்துக்கொள்ளலாம். எறியும் முன் கீழே ஆள் இருக்கிறதா, மேலே மின்கம்பி போகிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

தூர தேசம் பேச ஆசைப்பட்டால் கடற்கரைக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் நல்ல மின்கடத்தி என்பதால், அலை ஓரத்தில் நிற்கும் செங்குத்து ஆன்டெனாவின் சிக்னல் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகப் போகும். அதுதான் நெடுந்தூரம் போகும் சிக்னல். 2 மீட்டர் பேண்ட் பிடித்தவர்களுக்கு மலை உச்சி. கையடக்க ரேடியோவே அங்கே பெரிய ஆளாகிவிடும்.

கடற்கரையில் கம்பி கட்டி மைக்கில் பேசினால் போலீஸ் விசாரிக்கத்தான் செய்யும். உரிம நகலும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். உரிமத்தில் உள்ள நிபந்தனைகளை முன்னாலேயே படித்துக்கொள்ளுங்கள். வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போக வேண்டாம்.

இந்த வெளியூர் பழக்கமும் வெறும் பிக்னிக் இல்லை. மின்சாரம் இல்லாத இடத்தில், மழைத் தூறலில், அரை மணி நேரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தத் தெரிந்தவர்தான் புயலுக்குப் பிறகு ஒரு நிவாரண முகாமில் பயன்படுவார்.

இதில் மட்டும் சமரசம் கிடையாது

ஆன்டெனா கட்டும்போது உயிர் போவதற்கு முக்கியக் காரணம் மின்கம்பி. கம்பமும் வயரும் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், எவ்வளவு காற்றில் ஆடினாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இடம் கிடைக்கவில்லை என்றால் அங்கே ஆன்டெனா வேண்டாம். தனியாக மாடியில் கம்பம் தூக்காதீர்கள், ஒரு ஆள் கூட இருக்கட்டும்.

அடுத்தது இடி. கோடை மழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு இடியோடுதான் வரும். வானம் கறுத்தால் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். இரும்புக் கம்பம் என்றால் முறையான எர்த் வேண்டும். ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். புயல் அடிக்கும்போது பேசுவது வீரம் அல்ல. அது கடந்த பிறகுதான் நமக்கு வேலை.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ‘யு’ போல ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், சுவிட்ச் போர்டு வரை வராது. வெளியே இருக்கும் கனெக்டரில் நீர்புகா டேப் சுற்றுங்கள். நைலான் கயிறு நம்மூர் வெயிலில் மெல்ல இற்றுப்போகும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வயர் நுனியில்தான் மின்னழுத்தம் அதிகம். அதைத் தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். லுங்கிக் கதைக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை அதுதான்.

அசோசியேஷனுக்குச் சில வார்த்தைகள்

கதிர்வீச்சு: ஹாம் ரேடியோ அனுப்புவது அயனியாக்காத வகை. எக்ஸ்-ரே போன்றது அல்ல. செல்போன் டவர் இரவும் பகலும் அனுப்புகிறது. ஹாம் நிலையம் ஆள் பேசும் நிமிடங்களில் மட்டும் அனுப்புகிறது, பெரும்பாலும் சில வாட்கள் முதல் சில பத்து வாட்கள் வரை. ஆன்டெனாவை ஆள் நடமாட்டத்திலிருந்து சில மீட்டர் தள்ளி வைத்தால் இந்தச் சக்தியில் பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதும் அதே அளவு உண்மை. அதை ஆபரேட்டர் எழுதிக் கொடுக்கட்டும்.

இடி: மெல்லிய வயர் இடியை வரவழைப்பதில்லை. ஆனால் எர்த் இல்லாத இரும்புக் கம்பம் ஆபத்துதான், அது ஆன்டெனாவானாலும் சரி, கொடிக்கம்பமானாலும் சரி. எர்த் போடச் சொல்லி நிபந்தனை வையுங்கள்.

டிவியில் இடைஞ்சல்: வரலாம். வந்தால் சொல்லுங்கள். ஃபெரைட் வளையம் மாட்டி, சக்தியைக் குறைத்துச் சரிசெய்வது ஹாமின் கடமை.

மாடியின் நீர்த்தடுப்புப் பூச்சில் ஓட்டை: இந்தப் பயம் முழுக்க நியாயம். தளத்தில் ஒரு துளைகூடப் போடாமல், மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் கம்பத்தை நிறுத்தி மூன்று பக்கமும் கயிறு கட்டலாம்.

அமெரிக்காவில் எஃப்.சி.சி. 1985இலேயே ‘பி.ஆர்.பி.-1’ என்ற ஆணையில், உள்ளாட்சி அமைப்புகள் ஹாம் ஆன்டெனாக்களுக்கு நியாயமான அளவில் இடம்கொடுக்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் தனியார் குடியிருப்புகளின் ஒப்பந்தங்களை அந்த ஆணை கட்டுப்படுத்தவில்லை. அங்கேயும் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசித்தான் ஆக வேண்டும். நம் மாடிகளிலும் அப்படித்தான். சட்டம் தேடுவதைவிட ஒரு டீயோடு பேசுவது வேகமாக வேலை செய்யும். தனிக் கோபுரமே நடும் அளவுக்குப் போனால் மட்டும் அரசு அனுமதி விதிகளை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹாம்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்காமல் கட்டாதீர்கள். நான் முதலில் கேட்காமல்தான் கட்டினேன். கூட்டத்தில் கேட்ட பாதி திட்டு அதற்காகத்தான்.

உரிமம் இல்லாமல் கிடையாது

கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் பேச வேண்டும் என்றால் உரிமம் கட்டாயம். தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு இதற்கான தேர்வை நடத்துகிறது. 12 வயது நிறைந்தால் எழுதலாம். எலெக்ட்ரானிக்ஸ் அடிப்படை, விதிமுறைகள் என்று பாடம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள் உண்டு. ஜெனரலுக்கு மோர்ஸ் குறியீடும் தெரிய வேண்டும். தேறினால் ‘வியூ3’ அல்லது ‘வியூ2’ என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். இன்ஜினீயரிங் படித்தவர்கள்தான் எழுத வேண்டும் என்றில்லை.

ஆன்லைனில் வாக்கி-டாக்கி வாங்கி உரிமம் இல்லாமல் பேசுவது சட்டப்படி குற்றம். அதோடு, போலீஸ், மீட்புப் படை போன்றவர்களின் அலைவரிசையில் தெரியாமல் குறுக்கே போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. உதவி செய்யப் போய் உபத்திரவம் ஆகிவிடக் கூடாது.

ஒரே ஒரு ஹாமும் ஒரே ஒரு கம்பியும் ஊரைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மறுமுனையில் கேட்க ஆள் வேண்டும், மாவட்ட நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும், பேட்டரி சார்ஜில் இருக்க வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஆன்டெனா மேலே நின்றாக வேண்டும்.

எங்கள் அசோசியேஷன் கடைசியில் ஒத்துக்கொண்டது. மூன்று நிபந்தனைகள்: தளத்தில் துளை போடக் கூடாது, வயர் ஏழடிக்குக் கீழே இறங்கக் கூடாது, வெள்ளம் வந்தால் எல்லா வீட்டுக்காரர்களின் செய்தியையும் நான் அனுப்ப வேண்டும். மூன்றாவதை ஒருவர் கிண்டலாகத்தான் சொன்னார். நான் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அக்டோபரில் மழை தொடங்கிவிடும். உங்கள் அடுக்ககத்தின் அடுத்த கூட்டம் அதற்கு முன்னால் வந்தால், இதையும் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.